பாணில் தொடங்கின இரண்டு எழுச்சிகள்

1789 ஜூலை 14 அன்று பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறைக்கோட்டையைப் பிடித்தார்கள். 233 வருடம் கழித்து அதே ஜூலை 14 அன்று, கோட்டாபய ராஜபக்ஷ சிங்கப்பூரிலிருந்து ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். திகதி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் இரண்டு எழுச்சியும் தொடங்கின விதம் அப்படி இல்லை.

பிரான்சில் அரசு கடனில் மூழ்கியிருந்தது. 1788இல் விளைச்சல் கெட்டு, அடுத்த கோடையில் பாண் விலை ஏறிப்போனது. இலங்கையில் 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், விளைச்சல் விழுந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. பிறகு காஸுக்கும் பெற்றோலுக்கும் நாள்கணக்கில் வரிசை.

ஆரம்பத்தில் இரண்டு சனமும் கேட்டது கொஞ்சம்தான். 1789இல் பாரிஸ் மன்னராட்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. குடியரசு வந்தது 1792 செப்டம்பரில். காலிமுகத்திடலிலும் முதல் கோஷம் 'கோட்டா வீட்டுக்குப் போ' என்பதுதான். 'சிஸ்டம் சேஞ்ச்' பற்றிய பேச்சு போகப் போகத்தான் வலுத்தது.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான் வரும். 'மக்கள்' என்றால் யார் யார்?

1789 ஆகஸ்டில் பிரான்ஸ் மனித உரிமைப் பிரகடனம் வெளியிட்டது. எல்லாரும் பிறப்பிலேயே சமம் என்றது. ஆனால் அதன் காலனியான சென் டொமிங்கில், இன்றைய ஹெயிற்றியில், கரும்புத் தோட்ட அடிமைகள் அந்த 'எல்லாரிலும்' இல்லை. 1791இல் அவர்களே கிளர்ந்தெழுந்த பிறகுதான், 1794இல் பாரிஸ் அடிமை முறையை ஒழித்தது.

ரொறன்ரோவில் அரகலயவைப் பார்த்த எங்கட ஆக்கள் பலர், "உது அவங்கட பிரச்சினை" என்று ஒதுங்கினார்கள். அதுக்குக் காரணம் இருக்கு. 90களில் பொருளாதாரத் தடை போட்டு, யாழ்ப்பாணம் மண்ணெண்ணெய்க்கும் சவுக்காரத்துக்கும் அல்லாடினபோது காலிமுகத்திடல் நிரம்பவில்லை. அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அங்கே ஒரு கதவு திறந்ததும் உண்மை. 2022 மே 18 அன்று அதே காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. சிங்கள இளைஞர்களும் கஞ்சி வாங்கிக் குடித்தார்கள். மூன்று மாதம் கழித்து, அரகலயவில் முன்னுக்கு நின்ற மாணவர் தலைவர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனார். ஐந்து மாதத்துக்கு மேல் தடுப்பில் இருந்தார். 1979இலிருந்து எத்தனையோ தமிழ்ப் பெடியளை விழுங்கின அதே சட்டம். தமிழருக்குத்தானே என்று தெற்கு விட்டுவைத்த ஆயுதம், கடைசியில் தெற்கின் பிள்ளைகள் மேலேயே திரும்பியது.

இதைச் சொல்லிக்காட்டிச் சந்தோஷப்படுவதில் பிரயோசனமில்லை. இதை வைத்துப் பேசத் தொடங்கலாம். இங்கே வேலையிடத்திலும் பல்கலைக்கழகத்திலும் எங்களுக்குச் சிங்கள நண்பர்கள் இருக்கினம். அவர்கள் 'சிஸ்டம் சேஞ்ச்' என்று பேசும்போது நேராகக் கேளுங்கோ: அந்த மாற்றத்துக்குள் இந்தச் சட்டம் இருக்கா? இராணுவம் பிடித்த காணி இருக்கா? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் இருக்கினமா?

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் லேசு. அவர்களுக்கு மொழியும் தடையில்லை, பழைய பயமும் இல்லை. எழுச்சி சூடாக இருக்கும்போதே இந்தக் கேள்விகளைக் கேட்க வேணும். எல்லாம் முடிந்த பிறகு கேட்டால், சென் டொமிங் மாதிரி எங்களுக்கும் தனியாக இன்னொரு போராட்டம்தான் மிஞ்சும்.