ஸ்பானிய மொழியை எங்கே கற்பது? புவெனஸ் ஐரிஸிலிருந்து சில கருத்துகள்

இலத்தீன் அமெரிக்காவைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் அவ்வப்போது எனக்கு எழுதிக் கேட்பதுண்டு: ஸ்பானிய மொழியைக் கற்க அங்கே போய்த்தான் ஆகவேண்டுமா? தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு மையம் இருக்கிறது. ஐதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. தலைநகரில் செர்வாந்தெஸ் நிறுவனம் இருக்கிறது. கைபேசியில் செயலிகள் இருக்கின்றன. இவற்றுக்கு மேல், அங்கே போய்த் தங்கிக் கற்பதில் என்ன பயன்?

நியாயமான கேள்வி. உதவித்தொகையின் காலத்தை மாதக் கணக்கில் எண்ணிச் செலவிடும் மாணவருக்கு அது வாழ்வாதாரக் கேள்வியுங்கூட. கள ஆய்வுக்காகப் புவெனஸ் ஐரிஸில் வாழ்ந்துவரும் காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகவேண்டும். ஆய்வுக்குரிய காலத்திற்குள்ளேயே போகவேண்டும். அந்த மாதங்களை ஆய்வாகவே பல்கலைக்கழகங்கள் கணக்கிடவேண்டும். காரணங்களைக் கீழே விரித்துரைக்கிறேன்.

நம் வகுப்பறைகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. வினைத்திரிபுகளையும் காலங்களையும் அங்கே கற்றிராவிட்டால் இங்கே எவரும் நிலைகொள்ள முடியாது. ஆனால் பாடநூல்கள் பெரும்பாலும் முன்வைப்பது ஸ்பெயின் நாட்டு வழக்கை. அதில் ‘நீ’ என்பதற்கு ‘தூ’, ‘நீங்கள்’ என்ற மதிப்பு ஒருமைக்கு ‘உஸ்தெத்’. புவெனஸ் ஐரிஸில் ‘தூ’ என்று எவரும் பேசுவதில்லை. இங்கே ‘வோஸ்’. அதற்கேற்ப வினையும் மாறுகிறது. ‘தூ தியெனெஸ்’ என்பது ‘வோஸ் தெனெஸ்’ ஆகிறது. ‘தூ எரெஸ்’ என்பது ‘வோஸ் சோஸ்’ ஆகிறது. ‘தெரு’ என்று பொருள்படும் ‘காயே’ இங்கே ‘காஷே’. ‘நான்’ என்று பொருள்படும் ‘யோ’ இங்கே ‘ஷோ’. ஸ்பெயினில் பேருந்தைப் பிடிப்பதற்கு வழங்கும் சாதாரண வினைச்சொல் ஒன்று இந்நகரில் நாலுபேர் முன் சொல்லத்தகாத பொருளுடையது.

இவற்றைக் கொச்சை என்று ஒதுக்குவோர் இலத்தீன் அமெரிக்காவிலேயே இருந்தார்கள். 1847-இல் அமெரிக்கக் கண்டத்தினருக்கென்றே ஸ்பானிய இலக்கணம் எழுதிய அந்திரெஸ் பேயோவும் ‘வோஸ்’ வழக்கைக் கண்டித்தவர்தாம். ஆனால் ‘வோஸ்’ இடையில் முளைத்த பிழை வழக்கன்று. பழைய ஸ்பானியத்தில் அது மதிப்புச் சொல்லாக வழங்கியது, ஸ்பெயினில் மறைந்தது, இங்கே நெருக்கத்தின் சொல்லாக நிலைபெற்றது. நம் ‘நீர்’ ஓரிடத்தில் மதிப்பாகவும் வேறிடத்தில் உரிமையாகவும் ஒலிப்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. 1982-இல் அர்ஜென்டினாவின் மொழிக் கழகம் ‘வோஸ்’ வழக்கைக் கற்றோர் வழக்காகவே ஏற்றுக்கொண்டது. 2004 முதல் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அயலாருக்கெனத் தாமே ஒரு ஸ்பானிய மொழித் தேர்வையும் நடத்திவருகின்றன. மொழியின் அளவுகோல் மத்ரித்தில் மட்டுமே இருக்கிறது என்னும் எண்ணத்தை அந்நாடு எப்போதோ கைவிட்டுவிட்டது. நம் பாடத்திட்டங்கள் இன்னும் கைவிடவில்லை.

இந்நகரின் ஸ்பானியத்தை உருவாக்கியவர்களில் பெரும்பகுதியினர் அதை வளர்ந்தபின் கற்றவர்கள் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். 1914-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களுள் இத்தாலியர் மிகப் பலர். அவர்கள் பேசிய கலப்பு மொழி ‘கொகோலிசே’ என்னும் பெயரில் நாடக மேடைகளில் நகைப்புக்குரியதாயிற்று. ஆனால் நகைத்த நகரம் அவர்களின் சொற்களை எடுத்துக்கொண்டது. ‘வேலை’யைக் குறிக்க இங்கே அன்றாடம் வழங்கும் ‘லபூரோ’ இத்தாலிய ‘லவோரோ’விலிருந்து வந்தது. ‘லுன்ஃபார்தோ’ என்னும் இந்த நகர வழக்கை ஆராய்வதற்கென 1962-இல் ஒரு கழகமே தொடங்கப்பட்டது. துறைமுகத்தில் வந்திறங்கியவர்களின் நாக்கில் உருவான மொழியைப் பேசும் நகரத்தில், நம் உச்சரிப்பை எண்ணி நாம் வாய்மூடி இருக்கத் தேவையில்லை.

தமிழ் மாணவருக்கு இங்கே தனிப்பட்ட சாதகங்களும் உண்டு. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறு வேறு என்பது நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். ஸ்பானியத்தில் எழுவாய் இல்லாமலே வினைமுற்று ஆளைச் சுட்டிவிடும். ‘போகிறேன்’ என்று நாம் சொல்வதுபோல் அவர்கள் ‘வோய்’ என்று ஒரே சொல்லில் முடிக்கிறார்கள். ஆங்கிலம் பேசுவோர் மாதக்கணக்கில் தடுமாறும் ‘மே குஸ்தா’ என்னும் தொடர் நம் ‘எனக்குப் பிடிக்கிறது’ என்பதன் அதே கட்டமைப்பு. ‘மே துவேலே லா கபேசா’ என்பது ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதேதான். ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பெர்ரோ’ என்றால் ‘நாய்’. நாவின் ஓர் அதிர்வில் பொருள் மாறும் இவ்வேறுபாடு, ரகர றகர வேறுபாட்டை இன்னும் பேச்சில் காக்கும் குமரி மாவட்டத்தாருக்கு எளிதில் கைவரும். ‘மேசை’ இங்கே ‘மேசா’. அன்னாசிப்பழத்தை ஸ்பெயினில் ‘பின்யா’ என்பார்கள். புவெனஸ் ஐரிஸின் பழக்கடையிலோ ‘அனனா’. தென் அமெரிக்கத் தொல்குடிகளின் சொல் போர்த்துகீசியர் வழியே நம் ஊர்ச் சந்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் நாம் ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியே கற்கிறோம். ‘எனக்குப் பிடிக்கிறது’ என்ற தொடரை முதலில் ஆங்கிலத்தின் ‘நான் விரும்புகிறேன்’ ஆக்கி, பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி ‘மே குஸ்தா’வுக்கு வந்துசேர்கிறோம். வீட்டுக்கு எதிரே இருக்கும் கடைக்கு ஊரைச் சுற்றிப் போவது போன்றது இது. தமிழ் மாணவர்களுக்கெனத் தமிழிலிருந்தே தொடங்கும் ஸ்பானிய இலக்கணம் ஒன்றை முறையாக எழுதுவது நம் மொழித்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி.

இடையில் ஆங்கிலம் நிற்பதன் விலை என்ன என்பதற்கு இந்நகரத்திலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1924 நவம்பரில் பெரு நாட்டுக்குப் புறப்பட்ட இரவீந்திரநாத் தாகூர் உடல்நலம் குன்றிப் புவெனஸ் ஐரிஸில் இறங்கினார். நகருக்கு வெளியே சான் இசித்ரோவில் அவரைத் தங்கவைத்துப் பேணியவர் எழுத்தாளர் விக்தோரியா ஒகாம்போ. தாகூர் தம் ‘பூரபி’ தொகுப்பை அவருக்கே படைத்தார். ஒகாம்போ ‘கீதாஞ்சலி’யை முதலில் படித்தது ஆந்திரே ஜீதின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில், அதுவோ ஆங்கிலத்திலிருந்து செய்யப்பட்டது. ஸ்பானிய வாசகர்கள் அறிந்த தாகூரும் செனோபியா காம்ப்ரூபியும் ஹுவான் ராமோன் ஹிமெனெசும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த தாகூரே. வங்கத்தில் சிந்தித்தவரும் அர்ஜென்டினா நாட்டவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஆங்கிலத்திலேயே பேசவேண்டியிருந்தது. தம் கவிதைகளை ஒகாம்போவுக்காக மொழிபெயர்த்தபோது, மேலை நாட்டவருக்குச் சுவைக்காது என்று கருதிய பகுதிகளைத் தாகூர் விட்டுவிட்டார் என்றும், அதை அறிந்து தாம் வருந்தியதாகவும் ஒகாம்போ பின்னர் எழுதியிருக்கிறார். அந்த விடுபடல் இன்றும் தொடர்கிறது. போர்ஹெஸும் மார்க்கேசும் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வந்தார்கள். அம்மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஆய்வுக்கும் அதே வழி போதும் என்று எண்ணுவது சரியாகாது.

ஆய்வில் இதனால் என்ன இழக்கிறோம்? ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 வரை நீடித்த அவ்வாட்சியில் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை. 1984-இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை ஏறத்தாழ 9,000 பேரைப் பதிவுசெய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. அவர்களைக் குறிக்கும் சொல் ‘தெசபரெசீதோஸ்’. அகராதி ‘காணாமற்போனோர்’ என்று பொருள் தரும். காணாமற்போவது தன்வினை, அதில் குற்றவாளி இல்லை. அன்றைய ஆட்சித் தலைவர் விதேலா 1979-இல் செய்தியாளர்களிடம், காணாமற்போனவர் உயிருடனும் இல்லை, இறந்தும் இல்லை என்ற பொருளில் பேசியபோது இந்த இலக்கண வசதியைத்தான் பயன்படுத்திக்கொண்டார்.

இந்நகர மக்களின் பேச்சிலோ அந்த வினை பிறவினையாகிவிட்டது. ‘லோ தெசபரெசியெரோன்’ என்பார்கள்: ‘அவரைக் காணாமலாக்கினார்கள்’. மரபிலக்கணம் இடங்கொடாத அத்தொடரில், செய்தவர்கள் எழுவாயாக வந்து நிற்கிறார்கள். 1977 முதல் வியாழக்கிழமைதோறும் மே சதுக்கத்தைச் சுற்றிவரும் அன்னையரின் போராட்டத்தில் சொற்களும் போர்க்களமாக இருந்தன. ‘உயிருடன் தோன்றவேண்டும்’ என்ற அவர்களின் கோரிக்கை, மறைத்தவர்களே கொண்டுவந்து நிறுத்தவேண்டும் என்று வற்புறுத்தியது. இதைத் தமிழர்கள் புரிந்துகொள்ள ஆங்கிலம் தேவையில்லை. இலங்கையில் வடக்கிலும் கிழக்கிலும் தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியில் அமர்ந்த அன்னையர் ‘காணாமற்போனோர்’ என்ற சொல்லை மறுத்து, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று திருத்தினார்கள். இரு கடல்களுக்கு அப்பாலிருக்கும் இரு மொழிகளில் ஒரே இலக்கண மாற்றம், ஒரே காரணத்தால் நிகழ்ந்திருக்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எழுதத் தகுதியான ஆய்வாளர், தமிழும் புவெனஸ் ஐரிஸின் ஸ்பானியமும் அறிந்தவராகவே இருக்கமுடியும்.

இதற்கு எதிராக எழும் வாதங்களையும் கேட்கவேண்டும். ஸ்பானியமே ஒரு பேரரசின் மொழியல்லவா, ஆங்கிலத்தை விட்டு அதைப் பற்றுவதில் என்ன விடுதலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மை, குவாரனி, கெச்சுவா, ஐமாரா மொழிகளின்மேல் அமர்ந்துதான் ஸ்பானியம் இக்கண்டத்தை ஆண்டது. அம்மொழிகள் இந்நகரத்திலும் உண்டு. பராகுவேயிலிருந்தும் பொலிவியாவிலிருந்தும் வந்து கட்டடங்களிலும் காய்கறிக் கடைகளிலும் உழைப்போர் வீட்டில் அவற்றைப் பேசுகிறார்கள். கொரியெந்தெஸ் மாகாணம் 2004-இல் குவாரனியை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்கியது. ஆனால் அம்மக்களிடம் போய்ச் சேர்வதற்கும் இன்று ஸ்பானியமே முதற்படி. ஸ்பானியத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதே இந்த வாதத்திலிருந்து நான் பெறும் பாடம்.

அங்கே வாழ்ந்தால் மொழி தானாக வந்துவிடும் என்பது மற்றொரு தவறான எண்ணம். வராது. அயல்நாட்டு மாணவர்கள் கூடும் விடுதிகளிலும் காப்பிக் கடைகளிலும் ஆங்கிலம் பேசியே ஓராண்டைக் கழித்துவிட்டுத் திரும்ப இயலும். காலையில் வகுப்பு, மாலையில் நகரம் என்ற ஒழுங்கு வேண்டும். காய்கறி விற்பவரிடம், அடுக்ககக் காவலரிடம், ஆவணக் காப்பக ஊழியரிடம், அவர்கள் நம்மிடம் ஆங்கிலத்துக்கு மாற முயன்றாலும் ஸ்பானியத்திலேயே தொடரும் பிடிவாதமும் வேண்டும். நேர்காணலில் ஒருவர் நம்மை ‘உஸ்தெத்’ என்பதிலிருந்து ‘வோஸ்’ என்பதற்கு மாற்றும் கணத்தில் உரையாடலின் தன்மையே மாறுகிறது. அதைக் கேட்டுணரும் செவி, இத்தகைய நாள்களின் பழக்கத்தில்தான் அமையும். பொகோட்டாவில் நெருங்கிய நண்பர்களிடையேகூட ‘உஸ்தெத்’ வழங்குவதுண்டு. ஆகவே ஒரு நகரில் கற்ற செவியை அடுத்த நகரில் மீண்டும் பழக்கவேண்டும்.

பணம் பற்றிய வாதமே வலிமையானது. தென் அமெரிக்காவுக்கான பயணச் செலவு மாணவர் ஒருவரால் தாங்கக்கூடியதன்று. ஆனால் நம் நிதி வழங்கும் முறைகளில் ஒரு முரண் இருக்கிறது. கருத்தரங்கில் இருபது நிமிடம் கட்டுரை வாசித்துத் திரும்பும் பயணத்துக்கு விண்ணப்பிக்கப் படிவங்கள் உண்டு. ஆறு மாதம் தங்கி மொழி கற்பதற்கு விண்ணப்பித்தால், ‘இது ஆய்வா, மொழிப் பயிற்சியா’ என்ற கேள்வி வருகிறது. எனக்கும் வந்தது. வரலாறு, மானுடவியல், அரசியல், இலக்கியம் ஆகிய துறைகளில் இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது என்பதைக் கேட்டவர்களால் விளக்க முடியவில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று. இலத்தீன் அமெரிக்க ஆய்வுக்குப் பதிவுசெய்யும் மாணவருக்குக் குறைந்தது ஆறு மாதம் அந்நாட்டு நகரம் ஒன்றில் மொழி கற்கும் காலத்தை ஆய்வுக் காலத்தின் பகுதியாகவே ஏற்று நிதி வழங்கவேண்டும். நம் பாடத்திட்டங்கள் முதலாண்டிலேயே ‘வோஸ்’ உள்ளிட்ட அமெரிக்க வழக்குகளை அறிமுகம் செய்யவேண்டும். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும் ஸ்பானிய நூலை மூலத்தில் படிக்காமல் ஆங்கிலத்தில் படித்திருந்தால், அதை வெளிப்படையாகக் குறிப்பிடும் வழக்கத்தை நெறியாளர்கள் கட்டாயமாக்கவேண்டும்.

மாணவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. அனுமதியும் நிதியும் வரும்வரை காத்திராதீர்கள். வினைத்திரிபுகளை இப்போதே மனனம் செய்யுங்கள். புவெனஸ் ஐரிஸின் வானொலியை இணையத்தில் நாள்தோறும் ஒரு மணிநேரம் கேளுங்கள். முதல் வாரங்களில் ஒலி மட்டுமே செவியில் விழும். பிறகு ஒரு நாள் ‘ஷோ’ என்பது ‘நான்’ என்று யோசிக்காமலே விளங்கும். அந்தச் செவியோடு இங்கே வந்து இறங்குங்கள்.