ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையும் நாமும்

புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில் எமது கிராமங்களில் ஒரு வீட்டில் கேக் வெட்டப்படும். பக்கத்து ஐந்து வீடுகளில் பத்து வயதுப் பிள்ளை வெளியே வரக் கூச்சப்பட்டு உள்ளேயே இருக்கும். இது மிகைக் கூற்றன்று. 2024ஆம் ஆண்டில் நாடெங்கும் 3 இலட்சத்துக்கும் அதிகமான சிறார் இப்பரீட்சைக்குத் தோற்றினர். வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரே.

பரீட்சையின் நோக்கம் நல்லது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலத்தில், மத்திய கல்லூரிகளும் புலமைப்பரிசிலும் வசதி குறைந்த கிராமத்துப் பிள்ளைக்கு வழி திறந்தன. அவ்வழியால் முன்னேறியோர் எம்மிடையே பலர். எனவே பரீட்சையை ஒழித்துவிட வேண்டும் என நாம் கூறவில்லை. உதவுதொகையையும் பாடசாலை இடங்களையும் பகிர்வதற்கு இடப்பட்ட எல்லையே வெட்டுப்புள்ளி. அதனைப் பிள்ளையின் பெறுமதிக்கு இட்ட எல்லையாக மாற்றியவர்கள் பெரியவர்களாகிய நாமே.

1999இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றினாலும் பிள்ளை கற்க வேண்டும் என்றது. சுற்றாடல்சார் செயற்பாடுகளுக்கும் இடமளித்தது. ஆனால் மூன்றாம் ஆண்டு முடியுமுன்னரே பிள்ளையின் கையில் மாதிரி வினாத்தாள் திணிக்கப்படுகிறது. பங்கு மண்டபங்களில் நாம் நடத்தும் பின்னேர வகுப்புகளும் இதற்கு விலக்கல்ல.

“தோட்டம் கொத்தினால் புள்ளி வருமா?” என்று கூலிவேலை செய்யும் தாய் கேட்பது நியாயமே. தன் பிள்ளைக்கு வேறு வழி இல்லை என்பது அவரது கவலை. ஆனால் பாத்தியின் நீள அகலத்தை அளந்த பிள்ளை பரப்பளவை மறப்பதில்லை. கதைப் புத்தகம் வாசித்துப் பழகிய பிள்ளை வினாவை விளங்கிக்கொள்ளும். கூட்டாக விளையாடிய பிள்ளை தோல்வியைத் தாங்கி மீண்டும் எழும்பும். சரளமாக வாசிக்க முடியாமல் ஐந்தாம் ஆண்டுக்கு வந்த பிள்ளைக்கோ நூறு மாதிரி வினாத்தாள்களும் உதவா.

ஆகவே சில காரியங்களை நாமே தொடங்கலாம். பின்னேர வகுப்பு நாட்களில் இரண்டையாவது வாசிப்புக்கும் விளையாட்டுக்கும் நாடகத்துக்கும் ஒதுக்குவோம். வாசிக்கத் தடுமாறும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் தொண்டர் ஆசிரியர்களை முதலில் அனுப்புவோம். பாராட்டு விழாவில் வெட்டுப்புள்ளி தாண்டிய இருவரை மாத்திரம் மேடையேற்றி, ஏனையோரைக் கீழே அமர்த்திக் கைதட்ட வைக்கும் வழக்கத்தைக் கைவிடுவோம். ஐந்தாம் ஆண்டை நிறைவுசெய்த அனைவரும் மேடையேறட்டும்.

நாசரேத்தில் வளர்ந்த சிறுவன் இயேசுவைப் பற்றிக் கூறும் லூக்கா, அறிவை மட்டும் குறிப்பிடவில்லை. உடல் வளர்ச்சியையும், இறைவனோடும் மனிதரோடும் கொண்ட உறவையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். எமது பிள்ளைகளின் வளர்ச்சியையும் இந்த அளவுகோல் கொண்டே நோக்குவோம். அடுத்த பெறுபேறு வரும் நாளில், உள்ளே ஒளிந்திருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு முதலில் செல்வோம்.