தொழிலை மறைத்தல் தகுமோ?

எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதப் புகுவோர், அவர் பிறந்த சமூகத்தையும் செய்த தொழிலையும் “எளிய குடும்பம்” என்னும் இரு சொற்களுள் அடக்கிவிடுவதை நாம் அடிக்கடி காண்கின்றோம். மரியாதை கருதியே அவ்வாறு செய்கின்றனர். ஆயினும், “மல்லிகை” ஆசிரியர் டொமினிக் ஜீவாவைப் பொறுத்தவரையில் அது மரியாதை ஆகாது என்பதே நமது துணிபு.

1927 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து 2021 ஜனவரியில் மறைந்த ஜீவா, முடிதிருத்தும் தொழிலாளி. சாதியின் பெயரால் வகுப்பறையில் நேர்ந்த அவமதிப்பு அவரது படிப்பை இளமையிலேயே நிறுத்திற்று. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனே பின்னர் அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. 1960 இல் வெளிவந்த “தண்ணீரும் கண்ணீரும்” சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. புகழ் வந்தபின்னரும் தம் தொழிலை அவர் ஒளித்தாரல்லர். தம் சுயசரிதையிலும் அதனை வெளிப்படையாகவே எழுதினார். அவரே மறைக்காததை நாம் மறைப்பானேன்? மறைத்தால், அவமதித்தவர்களைச் சேரவேண்டிய வெட்கம் அவமதிக்கப்பட்டவரையன்றோ சென்றடையும்?

அவரது பத்திரிகைப் பணியை விளங்கிக்கொள்வதற்கும் அத்தொழிலை அறிதல் வேண்டும். 1966 ஆகஸ்டில் “மல்லிகை”யைத் தொடங்கியபோது அவருக்கு மாதச் சம்பளம் தரும் முதலாளி எவருமிலர். இதழைத் தாமே சுமந்து தெருத்தெருவாக விற்றார். ஈழத்து எழுத்தாளரின் உருவங்களை அட்டையிற் பொறித்தார். சிங்களச் சிறுகதைகளைத் தமிழில் தந்தார். 2012 வரை 400 இதழ்களுக்கு மேல் வெளிவந்தன. முடிதிருத்தியவனுக்குக் கூலி கொடாது எழுந்து செல்வாருண்டோ? எழுத்துக்கும் உரிய விலை உண்டென்பதை அவ்வுழைப்பாளி நன்கறிந்திருந்தார். வாசகன் முன் இதழை நீட்டிக் காசு கேட்டது இரத்தலன்று, உழைத்தவனின் உரிமை.

இன்றும் தனித்து நின்று சிற்றிதழ் நடத்துவோர் நம்மிடையே உளர். அவர்களிடம் இலவசப் பிரதியை எதிர்பார்க்கும் பழக்கமும் நம்மைவிட்டு அகலவில்லை. ஆசிரியன் மறைந்தபின் அஞ்சலிக் கூட்டத்தில் நீளப் பேசுவதிலும், அவன் உயிரோடிருக்கையில் ஒரு சந்தாவைத் தவறாது செலுத்துவது மேலானது. ஜீவாவை நினைவுகூர விரும்புவோர் அவரது தொழிலைத் தெளிவாகச் சொல்லட்டும். கைக்கு வரும் சிற்றிதழுக்கு உரிய விலையைக் கொடுக்கட்டும்.