சிரிக்கறது யாருங்க?

'குட்டி சுட்டீஸ்' ஞாபகம் இருக்கா மக்களே? சன் டிவியில் இமான் அண்ணாச்சி வாண்டுகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். வீட்டில் அப்பா அம்மா சண்டை எப்படி என்கிற ரகம். அதுங்க வெள்ளந்தியாக உளற, பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இதுவா சிறுவர் நிகழ்ச்சி? பெரியவங்க நிகழ்ச்சிங்க அது. குழந்தை அதில் வெறும் சரக்கு.

அண்ணாச்சி மேல் கோபமில்லை. நல்ல டைமிங், சினிமா, 2021இல் பிக் பாஸ் என்று போனார். போகட்டும்.

2007இல் சுட்டி டிவி வந்தது. அதில் தமிழ் பேசிய டோரா கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். காந்திபுரத்திலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் பொடுசுங்க டிவியைப் பார்த்துக் கத்திப் பதில் சொல்லும். ஒரு கார்ட்டூனுக்கு இருந்த மரியாதை! அதுவும் இறக்குமதிதான். ஆஸ்திரேலியாவில் 1966லிருந்து 'ப்ளே ஸ்கூல்' ஓடுகிறது. நடிகர்கள் கேமராவை, அதாவது குழந்தையைப் பார்த்துப் பேசுகிறார்கள், பாடுகிறார்கள்.

இங்கே ஆளா இல்லை? புதுச்சேரி வேலு சரவணன் கோமாளி வேஷம் கட்டி, பல வருஷமாகக் குழந்தைகளுக்கென்றே நாடகம் போடுகிறார். இயக்கமும் அவரே, நடிப்பும் அவரே. இப்படி ஒருத்தருக்கு வாரம் அரைமணி கொடுத்தால் சேனல் முழுகிப் போயிடுமா?

விளம்பரம் வராதாம். பி.காம். படிக்கிறவன்கிட்டயே இதைச் சொல்றாங்க! ஹார்லிக்ஸும் பிஸ்கட்டும் யாரை நம்பி விக்குதுங்க?