விலைக்கு வாங்கிய வேலை

வேலையையும் வீட்டையும் ஒருங்கே சுமக்கும் தாய்மாருக்கு முதலாளித்துவ உலகம் காலத்துக்குக் காலம் ஒவ்வொரு மருந்து சொல்லி வந்திருக்கிறது. இன்று சொல்லப்படும் மருந்து சொந்தத் தொழில். அதுவும் பெயர்பெற்ற கம்பனி ஒன்றின் பெயரையும் முறையையும் பணம் கொடுத்துப் பெற்று நடத்தும் 'பிரான்சைஸ்' தொழில். நேரம் உன் கையில், பிள்ளை உன் கண்முன், உனக்கு மேல் எசமான் இல்லை என்பதே விளம்பரங்களின் சாரம். அமெரிக்காவிலே சிறுவர் விளையாட்டு நிலையங்கள், தனிப்போதனை வகுப்புகள், வீடு துப்புரவாக்கும் சேவைகள் முதலியவற்றை விற்கும் கம்பனிகள் தாய்மாரை நோக்கி இவ்வாறு பேசுகின்றன. பெண் விடுதலையின் சொற்களை இரவல் வாங்கியே இது பேசப்படுவதால், நம்மிற் சிலர் கூட இதற்குத் தலையசைக்கக் காண்கிறோம். ஆகவே இதனை உரைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

விற்கப்படும் பொருள் யாது? பெயர் கம்பனியுடையது. பலகையின் நிறம், விற்கும் பண்டம், அதனை வாங்க வேண்டிய இடம், கடை திறக்கும் நேரம், மூடும் நேரம், வேலையாளின் சீருடை யாவும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டவை. முதலும் கடனும் நட்டமுமே வாங்கியவளுடையவை. சேரும்போது ஒரு தொகை கட்டுகிறாள். பின்னர் மாதந்தோறும் ஒரு பங்கு கட்டுகிறாள். அப்பங்கு எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதிலேயே சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெரும்பாலும் அது இலாபத்திலிருந்து எடுக்கப்படுவதில்லை. மொத்த விற்பனையிலிருந்து எடுக்கப்படுகிறது. வாடகை ஏறினாலும், பண்டம் அழுகினாலும், கடைக்காரிக்கு மாத முடிவில் ஒரு சதம் மிஞ்சாவிட்டாலும் கம்பனியின் பங்கு முதலிலேயே போய்விடும். 'அந்தே' முறையில் வயல் செய்த நம் நாட்டுக் குடியானவனுக்கு இக்கணக்குப் புதிதன்று. களத்திற் குவிந்த நெல்லைத்தான் காணிக்காரன் பார்த்தான். குடியானவனின் கடனை அவன் பார்த்ததில்லை. அக்குடியானவனுக்காவது 1958 இல் நெற்காணிச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் ஓட்டைகளைப் பற்றி வேறொரு முறை எழுதலாம்.

அமெரிக்காவிலும் சட்டம் உண்டு. பிரான்சைஸ் விற்கும் கம்பனி, ஒப்பமிடுவதற்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன்னர் 23 பிரிவுகள் கொண்ட விளக்கப் பத்திரம் ஒன்றை வாங்குவோர் கையில் கொடுத்தாக வேண்டும். வழக்குகள், கட்டணங்கள், மூடப்பட்ட கடைகளின் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் வீட்டை ஈடுவைத்துக் கடன் எடுக்கப்போகும் ஒரு தாய் முதன்முதலிற் கேட்கும் கேள்வி வேறு: இதில் எவ்வளவு உழைக்கலாம்? அதற்கு விடை சொல்ல வேண்டியது 19ஆம் பிரிவு. இருபத்து மூன்றினுள் அந்த ஒன்றை நிரப்புவதும் விடுவதும் கம்பனியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது!

இங்கே ஒரு மறுப்பு எழும். பிரான்சைஸ் முறையைப் பெண்களின் தொழிலாக முதன்முதல் வளர்த்தவளே ஒரு வேலைக்காரிதானே என்பர். மெய்தான். கனடாவிற் பிறந்த மார்த்தா மற்றில்டா ஹார்ப்பர் சிறுவயது முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் வீடுகளில் ஊழியஞ் செய்தவள். 1888 இல் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரில் தன் சேமிப்பைக் கொண்டு கூந்தல் பராமரிப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினாள். 1891 முதல் அதே பெயரில் நிலையம் நடத்தும் உரிமையைத் தன்னைப் போன்ற ஏழைப் பெண்களுக்கு வழங்கினாள். உச்ச நிலையில் அவை 500ஐத் தாண்டின. அவளது ஆற்றலை யாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இன்று மக்டொனால்ட்ஸ் கம்பனி அமெரிக்காவிலே தன் பெயரிற் கடை நடத்த வருவோரிடம் கடன் வாங்காத சொந்தப் பணமாகக் குறைந்தது 500,000 டொலர் கேட்கிறது. ஹார்ப்பரைப் போன்ற வேலைக்காரி எவள் அதைக் கொண்டு வருவாள்? சிறிய பிரான்சைஸ்களுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. அங்கேயோ, உழைப்பே பெயர் மாற்றி விற்கப்படுகிறது. அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலையைப் பிரான்சைஸ் என்று விற்ற கவரோல் என்னும் கம்பனியின் வழக்கில், பணம் கொடுத்து அதை வாங்கியவர்கள் உண்மையில் அக்கம்பனியின் ஊழியரே என்று மசாசூசெற்ஸிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது. கூலி வேலைக்கு ஆள் பிடித்து, அந்த வேலைக்கு ஆளிடமே விலையும் வாங்குவது என்றால் இதுதான்.

அப்படியிருந்தும் தாய்மார் ஏன் வாங்குகிறார்கள்? அவர்களை அறியாதவர்கள் என்று ஏளனஞ் செய்வது எளிது. அது தவறும் ஆகும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று எந்த மேலதிகாரியிடம் என்ன பொய் சொல்வது என்று அதிகாலையில் யோசிக்கும் பெண்ணுக்கு, மேலதிகாரியே இல்லாத வேலை சொர்க்கமாகத் தோன்றுவதில் வியப்பென்ன? நமது பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளில் மணியைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்செறியும் சகோதரிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்தச் சொர்க்கத்தின் தேவையை உண்டாக்கியவர்கள் யார் என்பதே கேள்வி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசுக்குப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. உடனே 1943 முதல் அரசுப் பணத்தில் நாடெங்கும் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்கள் எழுந்தன. போர்ட்லாந்து நகரத்துக் கப்பல் கட்டும் தளங்களில் இரவும் பகலும் இயங்கும் நிலையங்களே இருந்தன. போர் முடிந்தது, ஆண்கள் திரும்பினார்கள், 1946 அளவில் அரசுப் பணமும் நின்றது. முடியாதது என்று ஒன்றில்லை, தேவைப்பட்டபோது ஒரே ஆண்டில் முடிந்தது! 1971 இல் நாடு தழுவிய பிள்ளைப் பராமரிப்புச் சட்டம் ஒன்றை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. ஜனாதிபதி நிக்சன் அவ்வாண்டு டிசம்பரில் தமது தடையதிகாரத்தால் அதனை வீழ்த்தினார். பிள்ளை வளர்ப்பைச் சமூகமயமாக்குவது குடும்பத்தைக் கெடுக்கும் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. 1993 இல் வந்த விடுமுறைச் சட்டமோ 12 வாரங்களைத் தருகிறது, சம்பளமின்றி. ஐம்பது பேருக்குக் குறைந்த தாபனங்களில் வேலை செய்வோருக்கு அதுவும் இல்லை. தொட்டிலைத் தர மறுத்த சமூகம் கடையை விற்கிறது.

கடை வாங்கிய குடும்பத்தின் நேரம் யார் கையில் இருக்கிறது என்பதை ஜப்பானிலே காணலாம். அங்கே செவன்-இலெவன் கம்பனிக்கு இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் உண்டு. அவற்றிற் பெரும்பாலானவற்றைப் பிரான்சைஸ் பெற்ற குடும்பங்கள், பெரிதும் கணவன் மனைவியர், நடத்துகின்றனர். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருப்பதே நியதி. கிழக்கு ஒசாக்காவில் மனைவியுடன் கடை நடத்திய ஒருவர் 2018 இல் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். ஆளும் கிடைக்காத நிலையில் 2019 பெப்ரவரியில் பின்னிரவிற் சில மணி நேரம் கடையை மூடினார். கம்பனி கேட்டது 1 கோடியே 70 இலட்சம் யென் தண்டப் பணம். நாடு முழுவதும் எழுந்த கண்டனத்தால் அக்கோரிக்கை பின்வாங்கப்பட்டது. ஆனால் அவ்வாண்டு முடிவில் அவருடைய ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. வாடிக்கையாளரின் முறைப்பாடுகளே காரணம் என்றது கம்பனி. 2022 இல் ஒசாக்கா மாவட்ட நீதிமன்றமும் கம்பனியின் பக்கமே நின்றது. இத்தகைய கடைக்காரர்கள் சங்கமாகக் கூடிப் பேரம் பேச முயன்றபோது, அவர்கள் தொழிலாளர் அல்லர் என்று மத்திய தொழிலுறவு ஆணைக்குழு 2019 மார்ச்சில் முடிவு கூறியது. இரவிலே கதவைச் சாத்தும் உரிமையில்லாதவர் முதலாளியாம். ஆகவே சங்கம் அமைக்கும் உரிமையும் இல்லையாம்.

இதுவரை பேசியது கடையை வாங்கிய தாயைப் பற்றி. அவள் பிள்ளையின் பாடசாலை விழாவுக்குப் போகும் பிற்பகலில் கடையில் நிற்பவள் யார்? அவளும் பெரும்பாலும் ஒரு தாய். அவளது நேர அட்டவணை வாரத்துக்கு வாரம் மாறும். அவள் பிள்ளை அயல் வீட்டிலோ அம்மம்மாவிடமோ இருக்கும். முன்னவளின் நேரம் அவள் கையில் இருக்கவேண்டுமானால் பின்னவளின் நேரம் முன்னவள் கையில் இருக்கவேண்டும். விளம்பரப் படங்களில் இந்த இரண்டாவது தாயைக் காட்டுவதில்லை. அவளுக்குக் கூலி உயர்வு கேட்டால் கம்பனி, அவள் எங்கள் ஊழியர் அல்லள், கடைக்காரியைக் கேளுங்கள் என்கிறது. கடைக்காரி, எனக்கே மிஞ்சவில்லை என்கிறாள். அது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. இவ்வாறு இரண்டு தாய்மாரை ஒரு கல்லாப்பெட்டியின் இருபுறமும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, இருவரின் உழைப்பிலும் பங்கு பெறுபவர் காட்சியிலிருந்தே மறைந்துவிடுகிறார்.

2012 நவம்பரில் நியூயோர்க் நகரத்துத் துரித உணவுக் கடைத் தொழிலாளர் மணிக்கு 15 டொலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டம் பரவிப் பரவி, கலிபோர்ணியாவில் 2024 ஏப்ரல் முதல் பெருங்கம்பனிகளின் பெயரால் நடக்கும் துரித உணவுக் கடைகளில் மணிக்கு 20 டொலர் என்பது சட்டமாயிற்று. பிரான்சைஸ் தொழிலின் சங்கங்கள் அம்முயற்சியை 2022 முதற் கடுமையாக எதிர்த்தன. சிறு கடைக்காரர் நொந்துபோவார் என்பது அவர்களது வாதம். தொழிலாளர் தரப்பு மற்றொன்றையும் கேட்டிருந்தது: கடையிற் சட்டம் மீறப்பட்டால் கடைக்காரரோடு கம்பனியும் பொறுப்பேற்க வேண்டும் என்பது. 2023 சமரசத்தில் அவ்விதி கைவிடப்பட்டது. கூலியைக் கடைக்காரி உயர்த்தினாள். மொத்த விற்பனையிலிருந்து முதலில் எடுக்கப்படும் கம்பனியின் பங்கை அச்சட்டம் தொடவேயில்லை.