குளத்து மீன்களும் உணவுப் பங்கீடும்

வங்காளத்துக் குளங்களில் கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூவகைக் கெண்டைகளை ஒருங்கே வளர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. மூன்றும் ஒரே நீரில் வாழினும் ஒன்றின் உணவை மற்றொன்று பெரிதும் பறிப்பதில்லை. கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணிய பிராணிகளை உண்கிறது. ரோகு நடுநீரில் பாசியையும் தாவரப் பொருள்களையும் நாடுகிறது. மிர்கால் அடித்தரையில் மட்கிய பொருள்களைத் தின்று வளர்கிறது. குளம் ஒன்றாயினும் பந்தி மூன்று.

ஓர் உயிர் எங்கு வாழ்கிறது, எதை உண்கிறது, எதற்கு இரையாகிறது என்பன யாவும் சேர்ந்ததே அதன் வாழ்வுப் பங்கு. இதன் முக்கியத்துவத்தை ருஷ்ய விஞ்ஞானி காஸ் 1930-களில் சோதனை வாயிலாகக் காட்டினார். பாரமீசியம் என்னும் ஓரணு உயிரின் இரு இனங்களை ஒரே உணவில் வளர்த்தபோது, அவுரேலியா நிலைத்தது, காடேட்டம் அழிந்தது. ஆனால், அடியில் படியும் உணவை உண்ணும் பர்சேரியாவுடன் சேர்த்தபோது அதே காடேட்டம் அழியாது வாழ்ந்தது. பங்கு ஒன்றாயின் போட்டி, வேறாயின் உடன்வாழ்வு.

இவ்வுண்மையைப் புறக்கணித்தால் நேரும் விளைவையும் நம் நாடு கண்டுள்ளது. 1959-இல் புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் இந்தியாவிற்குக் கொணரப்பட்டன. நீர்த் தாவரங்களைத் தின்னும் புல் கெண்டை, உள்நாட்டுக் கெண்டைகள் அதிகம் தொடாத உணவைப் பயன்படுத்திக்கொண்டது. வெள்ளிக் கெண்டையோ கட்லா மேயும் மேல்மட்டத்திலேயே மேய்வது. குளத்தில் இதனால் பெருந்தீங்கு இல்லை. வளர்ப்போர் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் நிலைமையைச் சரிசெய்துகொள்ளலாம்.

நீர்த்தேக்கத்தின் நிலை வேறு. சட்லெஜ் நதியின் பக்ரா அணையால் உருவான கோவிந்த சாகரத்தில், 1971-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது பண்ணையிலிருந்து வெள்ளிக் கெண்டை தற்செயலாகப் புகுந்தது. அது அங்கேயே இனம்பெருக்கி, காலப்போக்கில் பிடிபடும் மீன்களுள் முதலிடம் பெற்றது, கட்லா அருகியது.

மொத்த மீன்பிடி பெருகிற்றே, இதில் குறை என்ன என்று வினவுவாரும் உளர். அவர் கூற்றை முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை. உணவுப் பற்றாக்குறையுள்ள நாட்டில் எடையும் ஒரு கணக்கே. ஆயினும் எடை மட்டுமே கணக்கன்று. சந்தையில் கட்லாவிற்குக் கிடைக்கும் விலை வெள்ளிக் கெண்டைக்குக் கிடைப்பதில்லை. அன்றியும், பல இனங்கள் பகிர்ந்துகொண்ட நீர்நிலை ஓரினத்தையே நம்பி நிற்குமாயின், அவ்வினத்திற்கு நோயோ விலைவீழ்ச்சியோ நேரும்போது மீனவனுக்கு மாற்று வழியில்லை.

ஆகவே, புதிய மீனினம் ஒன்றைப் பரிந்துரைக்கும்போது, அது எவ்வளவு விரைவில் வளரும் என்பதை முதல் வினாவாகக் கொள்ளலாகாது. அது யாருடைய பங்கை உண்ணும் என்பதே முதல் வினாவாதல் வேண்டும். வெறுமையாக உள்ள பங்கை நிரப்பும் இனம் வரவேற்கத்தக்கது. நிரம்பிய பங்கில் நுழையும் இனத்தை, வெள்ளம் எட்டாத குளங்களோடு நிறுத்திவிடுதலே தகும். குளத்தில் செய்த பிழையை அடுத்த அறுவடையில் திருத்தலாம். ஆற்றில் விட்ட மீனைத் திரும்ப அழைக்க இயலாது.