லாரிக்கு வயசு ஆர்.சி. புக்குல இல்லீங்க

15 வருஷம் ஆன லாரின்னாலே பேரீச்சம்பழத்துக்குப் போடுற இரும்புன்னு பேசுறவங்களைப் பாத்தா செம கடுப்பாகுது மக்களே.

2021 ஆகஸ்ட்ல வாகன அழிப்புக் கொள்கை வந்துச்சு. தனியார் லாரியாவது எஃப்.சி. பாஸானா தொடர்ந்து ஓடலாம். அரசு வண்டிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல. 2023 ஏப்ரல் 1லேர்ந்து, 15 வருஷம் தாண்டுனா பதிவு ரத்து (ராணுவம், சட்டம் ஒழுங்குக்கான சிறப்பு வண்டிக தவிர). தெருவுக்குத் தண்ணி ஊத்திட்டு மிச்ச நேரம் வேப்பமர நிழல்ல நிக்கிற லாரிக்கும், ராப்பகலா ஓடுற வண்டிக்கும் ஒரே கணக்கு. என்ன நியாயமுங்க இது?

டீசல் இன்ஜின் காலண்டரப் பாத்துத் தேயறதில்ல. திருமங்கலத்துலேர்ந்து எங்க டி. கல்லுப்பட்டி வழியா செங்கோட்டை தாண்டி மலையேறி கொல்லம் போற லோடு வண்டியோட தேய்மானமே தனி. ஆனா தேயறதை மாத்துறதுக்குத் தோதாத்தான் அந்த இன்ஜினையே செஞ்சிருக்கான். லைனரை உருவிப் புதுசு இறக்கலாம். கிராங்க்கைக் கால் மில்லிமீட்டர் கிரைண்டிங் பண்ணி, அதுக்கேத்த அண்டர்சைஸ் பேரிங் போடலாம். பிளாக்ல விரிசல் இல்லேன்னா இன்ஜினுக்கு மறுபிறவிதான். அமெரிக்காவுல இன்ஜினை வண்டியிலேர்ந்து இறக்காமலே லைனர், பிஸ்டன் மாத்தி, பத்து லட்சம் மைல், அதாவது 16 லட்சம் கி.மீ. தாண்டி ஓட்டுறான்.

நம்ம ஓனருங்க சிலபேரு மட்டும் யோக்கியமா? புகை அடிச்சா ரிங்கை மட்டும் மாத்திட்டு ‘இன்ஜின் வேலை முடிஞ்சுது’ம்பாங்க. முட்டை வடிவத்துல தேஞ்ச லைனர்ல புது ரிங் எப்படி ஒழுங்கா உக்காரும்? கொஞ்ச நாள்ல மறுபடி ஆயில் குடிக்கும், நீலப் புகை கக்கும். அதைப் பாக்குறவன் பழைய வண்டின்னாலே இப்படித்தான்னு முடிவு கட்டிடுவான்.

மாசு? என்னதான் ரீபில்ட் பண்ணாலும் பழைய இன்ஜின், 2020ல வந்த பி.எஸ்-6 ஆயிடாது. ஒத்துக்கறேன். அப்படின்னா நெரிசலான நகரத்துக்குள்ள விடாதீங்க. கிராமத்துத் தண்ணி வண்டிய எதுக்கு வெட்டணும்? அதுக்குப் பதிலா வர்ற புது லாரிக்கு இரும்பு உருக்குற புகையை யார் கணக்குல எழுதுவீங்க?

நிலைத்த பொருளாதாரம் பத்திப் புஸ்தகம் எழுதுன ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்துல வாழ்ந்தது இங்க காந்தி நிகேதன்லதான். (அவரு மாட்டு வண்டிக் கட்சி, லாரிக்கு வக்காலத்து வாங்கியிருக்க மாட்டாரு :-))

வயசுக்குப் பதிலா கம்ப்ரஷன் பாருங்க. ஆயில் எவ்வளவு குடிக்குது, சேஸிஸ்ல விரிசல் இருக்கா, பிரேக் பிடிக்குதான்னு பாருங்க. தேறலையா, எட்டு வருஷ வண்டியா இருந்தாலும் ஓரங்கட்டுங்க.